வெறும் காபிதான்

அழகேசனுக்குச் சமையலறையில் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். காபி போடுவது. சும்மா சொல்லக்கூடாது, அதைப் பிரமாதமாகவே போடுவார். அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயிலின் பிரேக்கைக் கழற்றி மாட்டுகிற முரட்டுக் கை, பில்டரைத் தொட்டால் மட்டும் அப்படி ஒரு பொறுமைக்கு வந்துவிடும். முதல் டிகாஷனைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். பால் பொங்கி வரும்போது அடுப்பை விட்டு நகரமாட்டார்.

மற்றபடி வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போட்டவரில்லை. மனைவி சுலோசனா பிள்ளை பெற்றுப் படுத்திருந்த காலத்தில், எழுந்திருக்க முடியாமல் கிடந்தவளுக்கு ஒரு நாள் காபி போட்டுக் கொடுத்தார். அது அப்படியே பழகிப்போயிற்று. அன்று பிறந்த கிருஷ்ணப்பிரியா வளர்ந்து, கல்யாணமாகித் திருவேற்காட்டுக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, இரண்டு டம்ளர் கலந்து, ஒன்றை மனைவியின் கையில் கொடுப்பார். தன்னுடையதை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். பேச்சு ஒன்றும் இருக்காது. உறிஞ்சுகிற சத்தம்தான். டம்ளர் காலியானதும் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவார். சாயங்காலம் வந்தால் டி.வி., சாப்பாடு, தூக்கம். ஆக, புருஷன் பெண்டாட்டி என்று இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அந்தக் காபி நேரத்தில்தான்.

சுலோசனாவுக்கு வேறொரு பைத்தியம் உண்டு. பாக்கெட் பைத்தியம். மிக்சர், கிரீம் பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ் என்று கடையில் சரம் சரமாகத் தொங்குவது எதுவானாலும் சரி. மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்து, காலை நீட்டி உட்கார்ந்து தின்பாள். வாய்க்கு ருசி என்பது மட்டுமில்லை காரணம். திருநின்றவூரில் அவள் பிறந்த வீட்டில் ஏகப்பட்ட பிள்ளைகள். இவள் கடைசி. எது சமைத்தாலும் இவள் தட்டுக்கு வரும்போது சட்டியின் அடிதான் மிஞ்சும். "பாக்கெட்டுன்னா யாரும் கை வெச்சிருக்க மாட்டாங்க இல்ல. நான் பிரிச்சாதான் தொறக்கும். முழுசா எனக்கே எனக்கு" என்று பிரியாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். புருஷனிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

ஒரு சித்திரையில் ஆரம்பித்தது. ஊரே வெந்துகொண்டிருக்கும்போது ஒருத்தி "ஃபேனை நிறுத்து, குளுருது" என்று போர்வையை இழுத்துப் போர்த்தினால், கட்டினவனுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? அழகேசனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நாம இன்னா ஊட்டியிலயா கீறோம்?" என்றார். அப்புறம் முகம் ஊதியது. சீப்பில் முடி கற்றையாக வந்தது. உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். குரல் கட்டிக்கொண்டு கரகரவென்று ஆகிவிட்டது. அதற்கும் ஒரு கேலி. "போன் பண்ணா எவனோ ஆம்பள எடுக்கறான்னு வெச்சிட்டேன்டி."

கடைசியில் பிரியாதான் வந்து அம்மாவை ஆவடியில் ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அழகேசனும் கூடப் போனார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சொன்னாள்: "தைராய்டு மந்தமா வேலை செய்யுது. பயப்பட ஒண்ணும் இல்லை. தினமும் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை. பாக்கெட் அயிட்டம், பேக்கரி அயிட்டம் எல்லாம் கொறைச்சுக்குங்க. காய், பருப்பு, மீன், முட்டைன்னு வீட்டுச் சாப்பாடா நல்லா சாப்பிடுங்க. மூணு மாசத்துக்கு ஒருதரம் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க." வெளியே டோக்கன் வாங்கிய கூட்டம் கதவை இடித்துக்கொண்டு நின்றது. பேச்சு அதோடு முடிந்தது.

டாக்டர் இத்தனை சொன்னாலும் அழகேசன் காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான். பாக்கெட்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. காலி அரிசிச் சாக்கு ஒன்றை உதறி எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகத் திறந்தார். மிக்சர் போயிற்று, பிஸ்கட் போயிற்று, நூடுல்ஸ் போயிற்று. ஊறுகாய்ப் பாட்டிலும் சூப் பொடியும்கூடப் போயின. சுலோசனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மிக்சரை மட்டும் உட்டுடேன், பிரியா நைனா. இன்னும் பிரிக்கக்கூட இல்ல."

"பிரிக்காததுதான்டி மொதல்ல போவணும். இத்த துன்னு துன்னுதான் ஒடம்பு இப்படி ஊதிகினு கீது."

சாக்கு குப்பை வண்டியில் ஏறியது.

அதற்கப்புறம் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. போனில் யார் யாரோ பேசுகிற வீடியோவையெல்லாம் பார்த்தார். ஒருத்தன் முட்டைக்கோஸ் கூடாது என்றான், காலிஃபிளவரும் போயிற்று. இன்னொருத்தன் வேர்க்கடலை விஷம் என்றான், அதுவும் போயிற்று. டாக்டர் சாப்பிடச் சொன்ன பட்டியலையும் சேர்த்து இவர் அடித்துப்போட்டார். கம்பங்கூழும் கீரையுமாக ஆகிவிட்டது அவள் சாப்பாடு. அத்தனையும் அக்கறைதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த அக்கறையில் "உனக்கு இன்னா பிடிக்கும்?" என்கிற கேள்வி மட்டும் வரவே இல்லை.

மாத்திரை விஷயத்தில் இன்னும் கறார். அந்தப் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைப்பார். மறு கையில் காபி டம்ளர். அவள் மாத்திரையை வாயில் போட்டுக் காபியில் விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டூலில் உட்காருவார். ஒரு நாள் தவறியதில்லை.

வெறும் வயிறு என்றால் அந்த வீட்டில் அதுதான் அர்த்தம். இட்லிக்கு முன்னால். அந்த வீட்டில் மட்டுமா? நம்மில் யாரையாவது காலையில் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் ஒண்ணும் சாப்பிடல, வெறும் காபிதான்" என்போம். காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் நமக்கு எந்தக் காலத்தில் இருந்தது? அதைக் குடித்த பிறகும் வயிறு வெறும் வயிறுதான். அழகேசனும் அப்படித்தான் நம்பினார், பாவம்.

முதல் பரிசோதனையில் அளவு சரியாகவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாள். அடுத்ததிலும் சரியாகவில்லை, மறுபடி கூட்டினாள். "மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?" என்று கேட்டாள். "நானே கையில குடுத்து, முழுங்கறத பாத்துட்டுதான் போறேன் மேடம். வெறும் வயித்துலதான்" என்றார் அழகேசன், கொஞ்சம் பெருமையாகவே.

அப்படியானால் தப்பு எங்கே? அவருக்குத் தெரிந்து ஒரே இடம்தான். திருட்டுத்தனமாகத் தின்கிறாள்.

அந்தச் சந்தேகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாயிற்று. பிரியா மாமியாரோடு வந்திருந்தாள். ஏதோ பத்திரம் தேடுவதற்காகப் பீரோவைத் திறந்தவர் கையில், புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு கிரீம் பிஸ்கட் கவர் வந்தது. அதை அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்து, சம்பந்தியம்மா முன்னாலேயே ஆட்டிக் காட்டினார்.

"இன்னாடி இது? நான் உனுக்காக நாயா அலைஞ்சிகினு கீறேன். நீ களவாணி மாரி ஒளிச்சி வெச்சி துன்றியா?"

சுலோசனா முகம் சிவந்துபோயிற்று. "ரெண்டே பிஸ்கட்டுதான், பிரியா நைனா" என்றாள். கரகரத்த அந்தக் குரல் பாதிதான் வெளியே வந்தது.

"நைனா, உடு, அம்மாதானே" என்று பிரியா கையைப் பிடித்தாள். அவர் விடவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசித் தீர்த்தார். சம்பந்தியம்மா தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரைக் குடித்தாள்.

அன்றிலிருந்து பல நாள் அவளோடு பேசவில்லை. விடியற்காலைக் காபியும் மாத்திரையும் மட்டும் நிற்கவில்லை. "இனிமே ஒயுங்கா கீறா. டெஸ்ட் எதுக்கு, தண்டமா?" என்று அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போட்டார். அதற்கடுத்ததும் தள்ளிப்போயிற்று. சுலோசனா நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே வந்தாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரமாயிற்று. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகுது, எடை வேறே, என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் ஷெட்டில் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் தசரதன் போன் செய்தார். "அண்ணாத்தே, ஓடியா. அண்ணி பாத்ரூமாண்ட உயுந்து கெடக்குறாங்க."

நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, உடம்பில் சூடே இல்லை, தைராய்டு அளவு பார்க்கவே பயமாக இருக்கிறது என்றார்கள். ஒரு சின்ன வயசு டாக்டர், ராதிகா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள், அழகேசனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டாள்.

"மாத்திரையை நிறுத்திட்டாங்களா சார்?"

"இல்லம்மா. ஒரு நாள் தப்புனது இல்ல. நானே குடுப்பேன். வெறும் வயித்துல."

"எதுல கொடுப்பீங்க?"

"காபியிலதான்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "காபியிலயா? தினமுமா?"

"காபி சாப்பாடு இல்லியேம்மா" என்றார் அழகேசன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். இந்த மாத்திரை ரொம்பக் கூச்சக்காரி சார், வயிற்றில் வேறு எது இருந்தாலும் உடம்புக்குள் ஒழுங்காகப் போகாது. பால் காபியும் அதில் சேர்த்தி. வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது சும்மா இருந்த பிறகுதான் காபி. "இது ஒண்ணுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. டெஸ்ட்டும் பண்ணாம விட்டிருக்கீங்க. ஆனா போட்ட மாத்திரையில பாதிக்கு மேல வீணாத்தான் போயிருக்கும்."

"பிஸ்கட்டு... பாக்கெட்டு பிஸ்கட்டு துன்னுகினு இருந்தா, அதனால இல்லியா?" என்று கேட்டார் அழகேசன்.

"தினமும் பாக்கெட் அயிட்டமா சாப்பிட்டா யாருக்குமே நல்லதில்லைதான். ஆனா எப்பவோ ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டதுக்கு இப்படி ஆகாது சார்."

சம்பந்தியம்மா முன்னால் அந்தக் கவரை ஆட்டிக் காட்டிய கையை அவர் பார்த்துக்கொண்டார்.

உள்ளே விட்டபோது சுலோசனா கண் விழித்திருந்தாள். அழகேசன் கட்டிலோரம் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை போலத் தேம்பினார். "நான்தான்டி. நான்தான் உன்ன இப்படி ஆக்கிட்டேன். காபியில குடுக்கக்கூடாதாம் அத்த. எனுக்குத் தெரியாது சுலோ, சத்தியமாத் தெரியாது."

அவளுடைய வார்த்தை ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து நடந்து வர வேண்டியிருந்தது.

"எனுக்குத் தெரியும்" என்றாள்.

அழகேசன் அழுகையை நிறுத்தினார்.

"மெடிக்கல்ல ரேஷ்மான்னு ஒரு பொண்ணு கீதே, அது சொல்லிச்சி. அக்கா, தண்ணியில போடு, காபிய ஒரு மணி நேரம் கயிச்சி குடின்னு."

"எப்ப?"

"அப்பவே. மொத மொத மாத்திரை வாங்கும்போது."

"அடிப்பாவி! ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா? ஒரு மணி நேரம் கயிச்சின்னா நீ ஷெட்டுல இருப்பே. நான் ஒண்டியா போட்டுக் குடிக்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கட்டிகினு வந்த நாள்லேர்ந்து நீ எனக்குன்னு கையில எடுத்தாந்தது அது ஒண்ணுதான்யா. பக்கத்துல வந்து குந்தறதும் அதுக்குத்தான். மிக்சரு, பிஸ்கட்டு எல்லாத்தையும் சாக்குல அள்ளிப் போட்டே. சரின்னு உட்டேன். இத்தையும் அள்ளிடுவியோன்னு பயமாப் பூட்ச்சி."

"மாத்திரைய மட்டுமாச்சும் நான் போனப்புறம் போட்டிருக்கலாமேடி..."

"அந்தக் கவருக்கு அப்பால நீ என்னை எதுல நம்புனே? ஏமாத்தறான்னுதான் சொல்லியிருப்பே." அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அதுவுமில்லாம, வெறும் காபிதானே, அது இன்னா பண்ணிடப் போதுன்னு நெனச்சிட்டேன்."

அழகேசன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சில்லென்றிருந்தது. காபி கொடுக்கும்போது தவிர வேறு நேரத்தில் அந்தக் கையைப் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"ஊட்டுக்கு வா சுலோ. தண்ணியில மாத்திரை குடுக்கறேன். ஒரு மணி நேரம் உன்கூடவே குந்திகினு இருக்கேன். அப்பால காபி."

"ஒரு மணி நேரமா?" அந்த ஊதின முகத்தில் பழைய குறும்பு லேசாக எட்டிப் பார்த்தது. "இன்னா பேசுவே?"

"ஏதாச்சும் பேசறேன்."

"டூட்டிக்கு லேட்டாயிடுமே."

"ஆவட்டும்டி."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. மறுநாள் இதயம் தாங்காமல் நின்றுபோயிற்று.

கருமாதிக்கு முதல் நாள் வீட்டில் படையல். அழகேசனின் அக்கா முனியம்மா இலை விரித்துவிட்டுக் கேட்டாள். "இன்னாடா அயகேசா, அவளுக்கு இன்னா பிடிக்கும்? அத்த வெக்கணும்ல?"

வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அழகேசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நின்றார். சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்தார். எந்த மிக்சர், எந்தக் கலர் பிஸ்கட் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. சாக்கில் அள்ளிப் போட்டவர் அவர்தானே. ஒவ்வொன்றாகக் கை காட்டி வாங்கினார். கடைக்காரர், "ஊட்ல பேரப் புள்ளைங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

இலைக்கு முன்னால் பாக்கெட்டுகளை அவரே வரிசையாக வைத்தார். முனியம்மா, "கவரோடவா வெப்பாங்க?" என்று ஒன்றை எடுத்துப் பிரிக்கப் போனாள்.

"பிரிக்காதக்கா" என்று தடுத்தார். "பிரிக்கறது அவ வேலை."

பிறகு சமையலறைக்குள் போனார். யாரும் பின்னால் போகவில்லை. பால் பொங்குகிற வாசனை வந்தது. டம்ளரில் ஆற்றுகிற சத்தம் கேட்டது. நுரை நிற்க, ஒரே ஒரு டம்ளர் காபியைப் பிடித்துக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் குனிந்தார்.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த பிரியா சடாரென்று எழுந்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். "நைனா! காபியா? வாணாம் நைனா, வேற எது வோணாலும் வையி, காபி மட்டும் வாணாம்" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழகேசன் மகளின் கையை மெதுவாக விலக்கினார். டம்ளரை இலையோரமாக வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் படத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனிமே ஏதும்மா மாத்திரை?" என்றார். "குடிக்கட்டும்."